ஆழத்தில் விழுந்த புள்ளி

ஜெசிந்தாவுக்குப் பிரசவ வலி கூடிக்கொண்டிருந்தபோது கட்டில் ஆடியது. நிக்கோபாரின் அந்தக் கடலோர ஆஸ்பத்திரியில், தரை ஆடினால் எல்லோரும் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது பழைய விதி. அப்படி ஓடியதில்தான் அவளுடைய முதல் குழந்தை மலைப்பாதையில், மழைக்குள் பிறந்து இறந்துபோனது. அன்று சுனாமி அலையே வரவில்லை.

கணவன் அமலதாஸ் அவளைத் தூக்கக் குனிந்தான்.

“வேணாங்க, இன்னொரு தடவை என்னால முடியாது,” என்று அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் கோமளவல்லி சுவரிலிருந்த, நிலநடுக்கங்களைக் காட்டும் திரையைப் பார்த்தாள். கடலடிப் பாறைத்தட்டு வளைந்து, தீவுக்குக் கீழே பூமிக்குள் இறங்கும் வடிவம் அதில் தெரிந்தது. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆழத்தில் நேர்ந்த ஒவ்வொரு நடுக்கமும் ஒரு புள்ளியாக விழுந்து, புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து உருவான வடிவம் அது. இப்போது ஆடியதற்கான புள்ளி, சரிவின் அடியில் போய் உட்கார்ந்தது.

“ரொம்பக் கீழ அதிர்ந்திருக்கு. கடல் எழும்பாது, படுத்துக்கம்மா.”

“நிச்சயமா சிஸ்டர்?” என்றான் அமலதாஸ்.

“மேலாக்க அதிர்ந்திருந்தா நானே முதல்ல இவளத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். எனக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு.”

அவன் ஜன்னலோரம் போய்க் கடலை வெகுநேரம் பார்த்தான். பிறகு திரும்பி வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது, ஓங்கி அழுதது. மார்போடு அணைத்தபடி ஜெசிந்தா சொன்னாள்:

“அந்த ஜன்னலத் தொறந்து வைங்க. புள்ளைக்குக் கடல்காத்து வரட்டும்.”