வெட்டினாலும் துளிர்க்கும்

கல்யாண நாளுக்கென்று மனைவி பிரதீபாவை உடும்பஞ்சோலை ரிசார்ட்டுக்குக் கூட்டி வந்த பூபதிராஜா, பிரெஞ்சு ரெட் வைனை வரவழைத்தான்.

"எம்பது வருசத்துத் திராட்சக் கொடியாமா, பிரதீபா. கொடி முத்துனாத்தான் ருசி இப்பிடிக் கெட்டியா நாக்குல நிக்கும். வருசா வருசம் வெட்டுவாங்களாமா. வெட்ட வெட்டத் துளுக்குமாமா."

"வேண்டாங்க. டாக்டரு ஒரு சொட்டுக்கூடக் கூடாதுன்னாருங்க."

"கோபாலபுரத்து வீட்டுலதான் காவல் காக்கற. இங்கயுமா?"

அவன் அடுத்த கிளாஸை ஊற்றினான். பிரதீபா பாட்டிலைப் பிடித்தாள். வெடுக்கென்று அவள் கையைத் தட்டிவிட்டான்.

"குடிக்கறது நானு. கெட்டா என்ற ஈரல்தான கெடும்? உனக்கென்ன நோவுது?"

பிரதீபாவின் கை விலாவுக்குக் கீழே இருந்த தழும்பை அழுத்திக்கொண்டது.

வெட்டினாலும் வளர்ந்துவிடும் என்று சொல்லித்தான், போன வருஷம் அவளுடைய ஈரலில் பாதியை அறுத்து அவனுக்கு வைத்தார்கள்.