கன்னத்தில் வைத்த கை

ஈஸ்வரமூர்த்தி கடைசியாகச் செய்த வேலை பாண் கரை வெட்டியதுதான். சிட்னி டூங்கபி வீட்டுக் குசினியில் நின்று, இரண்டு துண்டுப் பாணின் கரையை நான்கு பக்கமும் சீராக வெட்டி, நடுப்பகுதியை மனைவி யோகராணியின் தட்டில் வைத்தார். கரைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "குதிரையைப் பாத்திட்டு வாறன்" என்று காரை எடுத்தார்.

வரவில்லை. டியூரலில் குதிரை நிற்கும் காணியின் படலையடியிலேயே இதயம் நின்றுவிட்டது. கரைகள் பைக்குள் அப்படியே இருந்தன.

இருபத்தெட்டு வருடம் சிட்னியில் பஸ் ஓட்டிய மனிதர், ஓய்வு பெற்றதும் வண்டியில் பூட்டி ஓட்ட வாங்கிய மட்டக்குதிரை அது. மூன்று வயது, பெயர் மிளகு. பிள்ளையில்லாத வீட்டில் அவர் குளிப்பாட்டி வளர்த்த ஒரே உயிர்.

அவர் போனபின் மிளகு சரியாகச் சாப்பிடவில்லை. வைக்கோலைப் பாதி மென்று உருண்டையாகத் துப்பியது. தலையை ஒரு பக்கம் சரித்தபடி நின்றது. கடிவாளத்தைக் கண்டால் முன்னங்கால்களைத் தூக்கி ஆகாயத்தை உதைத்தது.

யோகராணியும் அப்படித்தான். வலக் கன்னத்தில் கையை வைத்துக் கதிரையில் இருந்தவள், முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தும் கையை எடுக்கவில்லை. அன்றைய படையல் வடையைத் தொட்டும் பார்க்கவில்லை. தேத்தண்ணியில் பாணை நனைத்து விழுங்கியதோடு சரி.

ஒரு மனுசனுக்காக இரண்டு சீவன் ஏங்குகிறது என்று துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கதை மெரிலேண்ட்ஸ் மீன் கடை வரைக்கும் போனது. நார்த்மீட்டிலிருந்து வந்த ஒருவர், செத்தவரின் சட்டையொன்றைத் தொழுவத்தில் கட்டிவிடச் சொன்னார். கட்டினார்கள். மிளகு அதன் கையைச் சப்பிப் பார்த்துவிட்டுத் துப்பியது. அதற்கும் அழுதார்கள்.

அழாத ஆள் ஒருவர்தான். மெல்பேர்னிலிருந்து வந்திருந்த யோகராணியின் அண்ணன் கதிர்காமநாதன். ஏங்குகிற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் இரண்டும் போய்விடும் என்று அவர் கண்டுபிடித்தார். சனிக்கிழமை குதிரை லொறியில் விற்பனைக்கு, தங்கச்சி பிளேனில் மெல்பேர்னுக்கு. லொறிக்காரனுக்கும் சொல்லியாயிற்று, டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

ஐம்பத்தாறு வயது வரை அண்ணனை எதிர்த்துப் பேசாதவள் அன்று பேசினாள்.

"அதுக்குப் பல்லுக் குத்து, அண்ணா. வலப் பக்கம். பல் டொக்டரைக் கூப்பிடுங்கோ. அது சாப்பிட்டுதெண்டால் இஞ்சையே நிக்கட்டும்."

குதிரைக்குப் பல் டொக்டரா என்று அண்ணன் சிரித்தார். அவர் மனைவி பவளம், பாவம், புத்தியும் கொஞ்சம் தடுமாறுது, அவள் சொல்கிறபடி செய்துவிடுங்கோ என்று காதுக்குள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் காணிக்குப் போக, மிருக வைத்தியர் டிலக்சி வந்து இறங்கினாள். மன்னார்ப் பெட்டை, நெற்றியில் விளக்கு, கையில் முழ நீள அரம். மிளகுக்கு மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்க ஓர் இரும்புச் சட்டம் பூட்டி, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். பவளம் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிலக்சியின் கை வெளியே வந்தபோது, அதில் பலாக்கொட்டை அளவில் மஞ்சளாய் ஒன்று இருந்தது. கூடவே வந்த அழுகிய புல் நாற்றத்தில் கதிர்காமநாதன் இரண்டடி பின்வாங்கினார்.

"பால்பல், அங்கிள். விழவேண்டிய வயசில விழாமல் மூடி மாதிரி ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கு. கடிவாளத்தை இழுக்க, கன்னம் போய் இதில குத்தும். குதிரை துள்ளாமல் என்ன செய்யும்?"

"அப்ப, ஏக்கம்?"

"ஏக்கமோ? இது டென்டல், அங்கிள்."

பிறகு அவள் கூரான பற்களை அரத்தால் ராவினாள். சத்தம் கேட்ட அண்ணன் தன் தாடையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிழமைக்கு வாயில் இரும்பு வேண்டாம், மயக்கம் தெளிந்தபின் தின்னக் கொடுக்கலாம் என்று டிலக்சி சொன்னாள்.

பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எல்லோரும் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். கடைசியாக ஒருமுறை கொடுப்போம் என்று பவளம் ஒரு பையில் பாண் கரை கொண்டுவந்திருந்தாள். மிளகு அதை வாங்கி, தலையைச் சரிக்காமல், கறுக்மொறுக்கென்று தின்றது. பையையும் இழுத்தது. பையை விடாத பவளத்தையும் சேர்த்து வேலியடி வரைக்கும் இழுத்தது.

சிரித்துக் களைத்தபின், கதிர்காமநாதன் தள்ளிப்போய் லொறிக்காரனுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். டிலக்சி கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"உள்ளுக்குப் பாக்காமலே வலப் பக்கமெண்டு எப்பிடி அன்ரி கண்டுபிடிச்சனீங்கள்?"

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அண்ணன் தங்கச்சியிடம் வந்தார்.

"குதிரை நிக்கட்டும், ராணி. ஆனால் நீ நாளைக்கு என்னோட வாறாய். அதுக்குப் பல்லு. உனக்கு ஏக்கமல்லோ."

யோகராணி முதல்முறையாகக் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். அந்தப் பக்கம் அப்பம் போல வீங்கியிருந்தது. மற்றப் பக்கத்தால் சிரித்தாள்.

"அவர் கரை வெட்டினது குதிரைக்காக இல்லை, அண்ணா. எனக்கு இன்னும் இந்தப் பக்கத்தால கடிக்கேலாது."