பொறுப்பாளர் தேவை

ரோஸ்வித்தாவைப் போல ஓர் ஆள் கிடைத்தால் விடவே கூடாது என்று அன்னெக்ரேட் பத்தாவது நிமிடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

தனியாகச் சமாளிக்க முடியாத முதியவர்களுக்கு, அவர்கள் சார்பில் முடிவெடுக்க, லைப்சிக் நகர நீதிமன்றம் சட்டப் பொறுப்பாளரை நியமிக்கும். சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சங்கத்தில் அன்னெக்ரேட் பதினோரு வருடமாக இருக்கிறாள். ஆறு முதியவர்கள் காத்திருந்தார்கள், ஆள்தான் இல்லை. விசாரிக்க வருகிறவர்கள் காப்பி குடித்து, கேக் தின்று, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள்.

டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ரோஸ்வித்தாவுக்கு அறுபத்தொன்பது வயது. அவள் கேக்கைத் தொடவில்லை. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, பொறுப்பாளர் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாரா, வளர்த்த பூனையை என்ன செய்வார், முதியோர் இல்லத்துக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தால் இழுத்துப் போவாரா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். பூனையைப் பற்றி இரண்டு தடவை கேட்டாள். பதில் மாறுகிறதா என்று பார்க்கிறாள், கெட்டிக்காரி என்று அன்னெக்ரேட் நினைத்துக்கொண்டாள்.

நடுவில் போன் வந்தது. அன்னெக்ரேட்டே பொறுப்பாளராக இருக்கும் குப்ஷ் என்ற கிழவரின் முதியோர் இல்லத்திலிருந்து பேசினார்கள். அவர் கட்டிலைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தினால் ஊழியர்களுக்குச் சௌகரியம்; சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"அவரைக் கேட்டீங்களா?" என்றாள் அன்னெக்ரேட்.

அவருக்கு என்ன புரியப்போகிறது என்றார்கள்.

"புரியுதோ இல்லையோ, கேளுங்க. அவர் தலையாட்டலேன்னா கட்டில் அங்கேயே இருக்கட்டும். நாலு மணிக்கு நான் வந்து பார்க்கிறேன்."

அவள் போனை வைத்தபோது ரோஸ்வித்தா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டில் எதையோ எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து மூடினாள்.

இனி தாமதிக்கக் கூடாது என்று அன்னெக்ரேட் சேர்க்கைப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"உங்களை மாதிரி ஒருத்தருக்காகத்தான்மா இத்தனை நாள் காத்திருந்தோம். நடமாடுறவங்களா, படுக்கையில கிடக்கிறவங்களா, எப்படிப்பட்டவங்களைப் பார்த்துக்க உங்களுக்குத் தோதுப்படும்?"

ரோஸ்வித்தா படிவத்தை மெல்லத் திருப்பித் தள்ளினாள். இதோடு மூன்று சங்கம் ஏறி இறங்கியாகிவிட்டது என்றாள். கைப்பையிலிருந்து நீதிமன்ற முத்திரை பதித்த வேறொரு தாளை எடுத்து விரித்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது; ஒரு பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

பேனாவைத் திறந்தாள்.

"மறதி முத்துறதுக்குள்ள எனக்கு ஒரு பொறுப்பாளர் வேணும், உங்க முழுப்பேரைச் சொல்லுங்க."