படிச்சவங்க யாராவது

சர்வதேச உறவுகளில் முதுகலை முடித்து வெளியுறவுத் துறையில் சேர்ந்தவளுக்கு முதல் வாரமே கசந்துவிட்டது. "தூதரம்மா" என்று கிண்டலடிக்கும் அண்ணன் கடல் தாண்டிக் கட்டட வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தது, வெளிநாட்டில் செத்தவர்களின் வீட்டுக்குப் போன் போடவா?

"இவன் சாரத்துலேருந்து விழுந்துட்டான். அம்மா எடுத்தா பட்டுனு சொல்லிடாதே," என்றார் பிரிவு அதிகாரி, கையிலிருந்த கோப்பைப் பார்த்தபடி. "வீட்ல படிச்சவங்க இருந்தாக் கூப்பிட்டு, அவங்ககிட்ட பக்குவமா சொல்லு. நம்பர் சொல்றேன், போடு."

அவர் பாதி எண்ணைச் சொல்வதற்குள் அவள் விரல் மீதியை அழுத்திவிட்டது.

"யாரு, பெரியவனா?" என்றாள் மறுமுனையில் அவளுடைய அம்மா.

ரிசீவரை வைத்துவிட்டாள்.

"ஏம்மா வச்சுட்டே? அந்த வீட்ல படிச்சவங்க யாருமில்லையா?"

"ஒருத்தி இருக்கா சார். அண்ணன்தான் படிக்க வச்சான்."