கண்ணோரத்தில் ஒரு திரை

தென் கொரியாவின் பூசான் நகரில் டாக்சி ஓட்டும் தெக்சு, மனைவி மிக்யோங்குக்குத் துணையாகக் கண் மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

“பளிச்சு பளிச்சுனு மின்னுது டாக்டர். இடது கண்ணோரத்துல கறுப்பா திரை விழுது,” என்றாள் மிக்யோங்.

தெக்சு சட்டென மனைவி பக்கம் திரும்பினார். “இதை ஏன் என்கிட்ட மறைச்சே?”

டாக்டர் நெடுநேரம் சோதித்தார். “உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லையேம்மா!”

“தெரியும் டாக்டர். இவரு போன்ல தன் அண்ணன்கிட்ட சொன்னதைத்தான் அப்படியே ஒப்பிச்சேன். இவருக்குன்னு கூப்பிட்டா வரமாட்டாரு.”

தெக்சு தலைகுனிந்தார். “லைசென்ஸ் போயிடும்னு பயந்துட்டேன்…”

அவரையும் சோதித்த டாக்டர், “விழித்திரை பிரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் செஞ்சா பார்வையைக் காப்பாத்திடலாம்,” என்றார்.

தெக்சு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ உனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையே?”