முதல் குடம்

ரிப்பன் வெட்டியாயிற்று. புதுக் கிணற்றில் முதல் குடத்தைக் காளியாயி அக்காதான் எடுக்க வேண்டும் என்று, கிணறு வெட்டிக்கொடுத்த கிறிஸ்தவ சபையின் இளைஞன் றோலண்ட் மைக்கில் அறிவித்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் அதிக காலம் தண்ணீர் சுமந்தவள் அவள்தான் என்று தோட்டத் தலைவர் நல்லமுத்து சொல்லியிருந்தார்.

காளியாயி எழுந்து வந்தாள். கிணற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கு வேணாங்க தம்பி."

அவ்வளவுதான். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பழைய பீலிக்குப் போகிற பாதையில் இறங்கிவிட்டாள்.

கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த சபைப் பெரியவர்கள் முன்னால், றோலண்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அவனும் கொட்டகலைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன்தான். இப்போது கொழும்பில் உத்தியோகம். லீவு போட்டு, சபைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்து, உள்ளங்கை கொப்புளிக்க மண் வெட்டியிருந்தான். தோட்டத்து மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கினான். தலைவரிடம் இடம் கேட்டான். தண்ணீர் தூக்கும் பெண்களிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர்கள்தான் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்களே.

மறுநாள் நிலைமை இன்னும் மோசம். காளியாயியே தொடவில்லை என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. சாமி குத்தம் என்றாள் ஒருத்தி. இன்றைக்குத் தண்ணீர் எடுத்தால் நாளைக்கு வேதத்தில் சேரச் சொல்வார்கள் என்றாள் இன்னொருத்தி. வெயில் காலத்தில் நூலாக ஒழுகும் பீலிக்கே எல்லாக் குடங்களும் போயின.

சபைப் பெண் ஷிராணிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாவின் மனம் இளக ஜெபம் பண்ணலாம் என்றாள். றோலண்டுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. நேராகக் காளியாயி வீட்டுக்குப் போனான்.

அவள் உட்காரச் சொல்லி, தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"எங்க தண்ணிய நீங்க தொட மாட்டீங்க. ஒங்க தேத்தண்ணிய மட்டும் நாங்க குடிக்கணுமாக்கா?"

காளியாயி கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவன் அத்தோடு விடவில்லை. பீலிப் பாதையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட பெண்ணைச் சொன்னான். வயிற்றுப் பிள்ளையோடு குடம் சுமப்பவர்களைச் சொன்னான். சாமி பேதம் பார்த்து இத்தனை பேர் தண்ணீரைக் கெடுக்கிறீர்களே, உங்களுக்கே வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டான். பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. காளியாயி கூனிக் குறுகிப் போனாள்.

"நான் எடுத்தா மத்தவங்களும் எடுப்பாங்களா தம்பி?"

"எடுப்பாங்க. ஒங்களாலதான் நிக்கிறாங்க."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். லயமே பின்னால் வந்தது. வாளியை இறக்கினாள், இறைத்தாள், குடத்தை நிரப்பினாள். எல்லோரும் பார்க்க ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குடங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. ஷிராணி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். றோலண்டுக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

காளியாயிக்குக் குடத்தைத் தூக்கிவிடுகிற சாக்கில் பக்கத்தில் போனான்.

"இத நேத்தே செஞ்சிருந்தா, நாலு பேரு முன்னாடி எனக்கு இந்த அவமானம் வந்திருக்காதேக்கா."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒங்க மேலயோ ஒங்க சாமி மேலயோ எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க தம்பி. எனக்குன்னு பொறந்தது ஒரே ஒரு புள்ள. அதுவும் உசுரில்லாமத்தான் பொறந்துச்சு. ஒருத்தருக்கும் சொல்லாம எங்க வீட்டுக்காரரு கொண்டாந்து பொதைச்சது இந்த எடத்துலதான். கெணறு வெட்ட வந்த அன்னிக்கி நான் கொழுந்த தராசுல நிறுத்துட்டு ஓடியாறதுக்குள்ள நீங்க தோண்டிட்டீங்க."

குடத்தைப் பிடித்திருந்த கைகளை றோலண்ட் பார்த்தான். தன் கொப்புளங்களைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தத் தேத்தண்ணியும், ஊர் கேட்கப் பேசிய பேச்சும் நினைவுக்கு வந்தன. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

காளியாயி குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க தம்பி, பாக்குறாங்க. தெரிஞ்சிச்சுன்னா அப்பறம் ஒருத்தரும் இந்தத் தண்ணிய எடுக்க மாட்டாங்க."