யாரு பாப்பா இது?

மகள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

அம்மா விடவில்லை. தண்ணீர் லாரி ஒன்று இப்போதுதான் பிள்ளையை உரசுகிற மாதிரி போயிருந்தது. அவளுக்கு உயிரே போய் வந்தது. பிடித்த பிடியில் மகளின் மணிக்கட்டு சிவந்துவிட்டது.

"விடும்மா... விடு..."

மகளின் குரல் வெளியே கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசல் கண்ணில் பட்டுவிட்டால் கையைப் பிடிக்கக் கூடாது. அது அவர்கள் இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

தெருவில் போகிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அவர்கள் பார்த்தது அழுக்குப் புடவை கட்டிய ஒருத்தியை. சிக்குப் பிடித்த தலை. அவள் பிடியில் வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாய்த் திமிறுகிற பிள்ளை.

ஒருவன் பைக்கை நிறுத்தினான்.

"ஏய், புள்ளைய விடு!"

பயந்துபோய்ப் பிடியை விட்டாள்.

அதுவும் தப்பாகப் போயிற்று. சொந்தப் பிள்ளையென்றால் விடுவாளா?

கூட்டம் சேர எவ்வளவு நேரமாகும்!

டீக்கடைக்காரர் டிவியில் பார்த்ததைச் சொன்னார். பிள்ளை பிடிக்கிற கும்பல் பிளாட்பாரத்தில் பதுங்கியிருக்கிறதாம். சிவப்பு எழுத்தில் ஓடியதாம். படம்கூடக் காட்டினார்களாம். போர்த்திக்கொண்டு தூங்குகிற நாலைந்து பேர்.

தூங்குகிறவர்கள் எப்படிப் பிள்ளை பிடிப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"எம் பொண்ணுங்க. மோனிஷா. அஞ்சாவது படிக்குது."

"உம் பொண்ணா? உன் மூஞ்சியப் பாரு, அது மூஞ்சியப் பாரு!"

அடப்பாவிகளா! பிளாட்பாரத்தில் கிடந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாதா? விடிவதற்குள் எழுந்து தெருக்குழாயில் சண்டை போட்டுப் பிடிக்கிற தண்ணீர் அத்தனையும் அந்தச் சட்டைக்கும் அந்தத் தலைக்கும்தான் போகிறது. அவளுக்கென்று மிஞ்சுவதில்லை.

யாரோ ஒருவன் பின்னாலிருந்து அவள் முடியைக் கொத்தாகப் பற்றினான். இன்னொருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

"நீ வாயத் தொறக்காத. பாப்பா சொல்லட்டும்."

பைக்கில் வந்தவன் மகளின் எதிரில் குந்தினான். நல்லவன்தான். குரலில் அத்தனை கனிவு.

"பயப்படாத கண்ணு. நாங்கல்லாம் இருக்கோம்ல? இந்தம்மா யாரு? உனக்குத் தெரியுமா?"

கூட்டம் அடங்கியது.

மகள் சுற்றிப் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், வாயைப் பிளந்தபடி.

போன பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. 'பிளாட்பாரம்' என்றுதான். பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அழுது அழுது அங்கே போவதையே நிறுத்திவிட்டாள். இந்தப் பள்ளியில் சேர்த்த அன்று அம்மா அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள்.

யார் கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லு. என்ன ஆனாலும் சொல்லு.

முடியைப் பிடித்தவனின் பிடிக்குள்ளேயே தலையை அசைத்து, அம்மா மகளைப் பார்த்தாள். சொல்லு. சொல்லிவிடு.

புரிந்ததென்று மகளும் தலையசைத்தாள்.

"தெரியாது அங்கிள்."

முதல் அடி விழுவதற்குள், சரியாகச் சொன்னோமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.